7 × 8 = 54? பிள்ளைகளே உருவாக்கும் விளையாட்டில் தப்பு வந்தால் யார் திருத்துவது?

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அம்மாவின் பழைய லேப்டாப்பில் வாய்ப்பாடு விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஆரஞ்சு நிறப் பூனை கேட்கிறது: 7 × 8 எவ்வளவு? பையன் விரல் விட்டு எண்ணி, யோசித்து, 56 என்று தட்டுகிறான்.

'தப்பு!' என்கிறது பூனை. மதிப்பெண் குறைகிறது. 'சரியான விடை 54' என்று வேறு காட்டுகிறது.

பையன் என்ன செய்வான்? கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்லும் என்று அவனுக்குத் தோன்றாது. 'நான்தான் தப்பு' என்றே நினைப்பான். நாளைக்கு வகுப்பில் 54 என்று சொல்லிவிட்டு முழிப்பான்.

அந்த விளையாட்டை உருவாக்கியது பெரிய கம்பெனி அல்ல. எங்கோ ஓர் ஊரில் இருக்கும் 11 வயதுச் சிறுமி. முதன்முதலாகத் தானே யோசித்து, தானே படம் வரைந்து, தானே குரல் கொடுத்து உருவாக்கியிருக்கிறாள். ஒரே ஒரு விடையைத் தப்பாகத் தட்டச்சு செய்துவிட்டாள். அவளுடைய விளையாட்டை நீக்கிவிடலாமா? நீக்கினால் அவள் மறுபடியும் இந்தப் பக்கம் வருவாளா? நீக்காவிட்டால் அந்த மூன்றாம் வகுப்புப் பையனுக்கு யார் பதில் சொல்வது?

மேலே சொன்னது கற்பனைக் காட்சிதான். ஆனால் அதிலுள்ள கேள்வி நிஜம். பிள்ளைகளே விளையாட்டு உருவாக்கி, பிள்ளைகளே விளையாடும் எந்த இணையதளமும் தினமும் சந்திக்கிற கேள்வி இது. உலகிலேயே பெரிய உதாரணமான 'ஸ்க்ராட்ச்' இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தால், பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும்கூட சில பாடங்கள் கிடைக்கும்.

10 கோடிப் பேரின் விளையாட்டு மைதானம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு உருவாக்கியதுதான் ஸ்க்ராட்ச். 2007-ம் ஆண்டு மே மாதம் இணையதளமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இப்போது ஸ்க்ராட்ச் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துகிறது. இலவசமாகவே பயன்படுத்தலாம். பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டிவிட்டது. முக்கியமாக 8 முதல் 16 வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து உருவாக்கப்பட்டது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இந்தப் பெயர் புதிதல்ல. தமிழ்நாட்டின் 10-ம் வகுப்பு அறிவியல் பாடநூலிலேயே ஸ்க்ராட்ச் அறிமுகம் இருக்கிறது.

இதில் கோடிங் எழுதத் தேவையில்லை. வண்ண வண்ண பிளாக்குகளை ஒன்றோடு ஒன்று பொருத்தினால் போதும். பச்சைக் கொடியை அழுத்தினால் பூனை நடக்கும், பேசும், கேள்வி கேட்கும். பொருந்தாத பிளாக்குகள் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது என்பதால், கமா விட்டுப்போனது, அடைப்புக்குறி விட்டுப்போனது போன்ற பிழைகளுக்கே இடமில்லை.

தருமி கதையில் வருமே, சொற்குற்றம், பொருட்குற்றம் என்று... அந்தக் கணக்கில் சொன்னால், ஸ்க்ராட்ச்சில் சொற்குற்றம் வராது. ஆனால் பொருட்குற்றம் தாராளமாக வரும். 7 × 8-க்கு 54 என்று எழுதினால், பிளாக் மறுப்பே சொல்லாமல் வாங்கிக்கொள்ளும்.

வாசலில் காவலாளி வைத்தால் என்ன?

'யாராவது பெரியவர் பார்த்துச் சரிசெய்த பிறகு வெளியிடலாமே' என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். அப்படிச் செய்யும் இடங்கள் உண்டு. ஆப்பிள் நிறுவனம், தன் ஆப் ஸ்டோருக்கு வரும் ஒவ்வொரு செயலியையும் பரிசோதித்த பிறகே அனுமதிக்கிறது. கூகுள் பிளே ஸ்டோரில் 2020-ம் ஆண்டு, குழந்தைகளுக்கான செயலிகளை ஆசிரியர்களைக் கொண்டு மதிப்பிட்டு, தேறியவற்றுக்குத் தனி அடையாளம் தரும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

விற்பனைக்கு வரும் பொருளுக்கு அது சரி. ஆனால், 11 வயதுச் சிறுமி கடை விரிக்க வரவில்லை, கற்றுக்கொள்ள வந்திருக்கிறாள். அவள் உருவாக்கியதைப் பார்த்து ஒருவர் சிரிப்பதும், 'அடுத்த லெவல் எப்போ வரும்?' என்று இன்னொருவர் கேட்பதும்தான் அவளுக்குக் கிடைக்கும் பாடம். இரண்டு வாரம் காத்திருந்து, 'தங்கள் விளையாட்டு தரமாக இல்லை' என்று பதில் வந்தால் அந்தப் பாடமே நடக்காது.

அதனால் ஸ்க்ராட்ச்சில் முன்கூட்டியே பார்த்து அனுமதிக்கும் முறை கிடையாது. கணக்குத் தொடங்கி, மின்னஞ்சலை உறுதிசெய்துவிட்டால், உருவாக்கியதை அப்போதே பகிரலாம்.

இதற்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. கற்றலுக்கான கருவியின் தரை தாழ்வாக இருக்க வேண்டும், கூரை உயரமாக இருக்க வேண்டும் என்று சொன்னவர், குழந்தைகளுக்கான லோகோ கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சேமூர் பேப்பர்ட். புதிதாக வருபவர் சுலபமாக உள்ளே ஏற வேண்டும். தேர்ந்தவர் எவ்வளவு வேண்டுமானாலும் உயரலாம் என்பது பொருள். அவர் வழியில் வந்த ரெஸ்னிக், இதோடு சுவர்களும் அகலமாக இருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார். ஒருவர் விளையாட்டு செய்யட்டும், ஒருவர் பிறந்தநாள் வாழ்த்து செய்யட்டும், ஒருவர் கதை சொல்லட்டும். எல்லோரும் ஒரே பாதையில் போக வேண்டியதில்லை.

வாசலில் தரக்கட்டுப்பாடு வைத்தால், முதலில் உயர்வது தரைதான். இடறி விழுவது புதிதாக வரும் பிள்ளைகள்தான்.

இந்த விஷயத்தில் மட்டும் சமரசம் இல்லை!

அப்படியானால் எதை வேண்டுமானாலும் போடலாமா? இல்லை. 'தரம்' வேறு, 'பாதுகாப்பு' வேறு என்று ஸ்க்ராட்ச் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது.

தரத்தில் தாராளம், பாதுகாப்பில் கறார். கணக்குத் தொடங்கும்போதே, உண்மையான பெயரை வைக்காதே என்று சொல்லிவிடுகிறார்கள். ஒருவருக்கொருவர் ரகசியமாகச் செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதியே கிடையாது; எந்தப் பேச்சும் பொதுவில்தான். போன் நம்பர், முகவரி போன்றவற்றைப் பகிரக் கூடாது. பிறரைப் புண்படுத்தும் படைப்பு, வன்முறை, ஆபாசம் எதுவாக இருந்தாலும் நீக்கம்தான். ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் புகார் செய்யும் பட்டன் இருக்கிறது. மென்பொருள் வடிகட்டியும் மனிதக் கண்காணிப்பாளர்களும் சேர்ந்து வேலை செய்கிறார்கள்.

எவ்வளவு கறார் என்பதற்கு ஓர் உதாரணம். விளையாடுபவர்களின் மதிப்பெண்ணை இணையத்தில் சேமித்து, 'உலக அளவில் யார் முதலிடம்?' என்று காட்டும் வசதி ஸ்க்ராட்ச்சில் உண்டு. ஆனால் அதில் எண்களை மட்டுமே சேமிக்க முடியும், எழுத்துகளைச் சேமிக்க முடியாது. புதிய உறுப்பினர்களுக்கு அந்த வசதியே இல்லை. எழுத்தையும் அனுமதித்தால், யார் கண்ணிலும் படாத அரட்டை அறையாக அது மாறிவிடும் அல்லவா? இந்த ஒரு கட்டுப்பாட்டால் எத்தனையோ நல்ல விளையாட்டு யோசனைகள் கைவிடப்படலாம். இருந்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். படைப்புச் சுதந்திரத்துக்கு வேலி போட்டது இங்கேதான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. சில படைப்புகள் விதியை மீறியிருக்காது. ஆனால் சின்னப் பிள்ளைகள் பார்த்தால் கொஞ்சம் பயந்துபோகலாம். அவற்றை நீக்குவதில்லை. தேடலிலும் முகப்பிலும் காட்டாமல் விட்டுவிடுகிறார்கள். நேரடி இணைப்பு இருப்பவர் பார்த்துக்கொள்ளலாம்.

கோலப் போட்டியில் எல்லோரும் கோலம் போடலாம், பரிசு மேடையில் எல்லோரையும் ஏற்ற முடியாது இல்லையா? அதுபோல, ஸ்க்ராட்ச்சின் முகப்புப் பக்கத்தில் ஸ்க்ராட்ச் குழுவினர் தேர்ந்தெடுத்த படைப்புகளுக்குத் தனி இடம் உண்டு. உறுப்பினர்களில் ஒருவரையே தேர்வாளராக்கி, அவர் ரசித்தவற்றைக் காட்டும் வரிசையும் உண்டு. வாசல் எல்லோருக்கும் பொது. தேர்வு நடப்பது முகப்பில்.

'என் விளையாட்டைக் காப்பியடிச்சுட்டான்!'

ஸ்க்ராட்ச்சில் தரத்தைக் கூட்டும் முக்கியமான வழி, 'ரீமிக்ஸ்'. யார் வெளியிட்ட விளையாட்டாக இருந்தாலும், 'உள்ளே பார்' என்ற பட்டனை அழுத்தினால் அதன் பிளாக்குகள் அத்தனையும் தெரியும். அதை எடுத்து மாற்றி, தன்னுடைய வடிவமாக வெளியிடலாம். முதலில் செய்தவரின் விளையாட்டு அப்படியே இருக்கும். அதில் யாரும் கை வைக்க முடியாது. ஸ்க்ராட்ச் என்ற பெயரே, இசைத்தட்டைத் தேய்த்துப் பழைய பாட்டிலிருந்து புது இசை உண்டாக்கும் டிஜேக்களின் உத்தியிலிருந்து வந்ததுதான்.

பெரியவர்களுக்கு அழகான யோசனை. பிள்ளைகளுக்கு? தளம் தொடங்கிய புதிதிலேயே 'என்னோடதைத் திருடிட்டான்' என்ற புகார்கள் வரத் தொடங்கிவிட்டன. இரவெல்லாம் உட்கார்ந்து உருவாக்கியதை, அடுத்தவர் கலரை மட்டும் மாற்றிப் போட்டால் கோபம் வராதா?

அதற்காக, ரீமிக்ஸ் செய்தால் முதலில் உருவாக்கியவரின் பெயர் தானாகவே வரும்படி செய்தார்கள். அதோடு புகார் நின்றதா? இல்லை. தளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் மொன்றாய் ஹெர்னாண்டஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, சுவாரஸ்யமான ஒன்றைச் சொன்னது. கணினி தானாகப் போடும் பெயரைப் பிள்ளைகள் பெரிதாக மதிக்கவில்லை. ரீமிக்ஸ் செய்தவர் தன் கையால் 'இவருக்கு நன்றி' என்று எழுதும்போதுதான் அதை நிஜமான மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாணப் பத்திரிகை தபாலில் வருவதற்கும், வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்கும் வித்தியாசம் தெரிந்த நமக்கு, இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சரி, ரீமிக்ஸால் தரம் கூடுகிறதா? இதற்கு ஒற்றை வரியில் பதில் இல்லை. 2013-ல் வெளியான இன்னோர் ஆய்வில், பெஞ்சமின் மாகோ ஹில்லும் மொன்றாய் ஹெர்னாண்டஸும் ஒரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார்கள். எந்த மாதிரி படைப்புகளை நிறைய பேர் எடுத்து ரீமிக்ஸ் செய்கிறார்களோ, அவற்றிலிருந்து வரும் ரீமிக்ஸ்களில் புதுமை குறைவாக இருந்தது. அதாவது, கூட்டம் சேர்ந்தால் நகலும் சேர்கிறது.

அதே சமயம், 2016-ல் சயமிந்து தாஸ்குப்தா உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. அதிகம் ரீமிக்ஸ் செய்த பிள்ளைகள், அதிக வகையான பிளாக்குகளைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களாக இருந்தார்கள். வெளியே வரும் விளையாட்டு பழையதாகவே இருக்கலாம். ஆனால், உருவாக்கிய பிள்ளைக்குப் புதிதாக ஏதோ தெரிந்திருக்கிறது. தரம் என்று நாம் எதைப் பார்க்கிறோம், திரையில் தெரிவதையா, பிள்ளைக்குள் நடப்பதையா?

54-ஐ எப்படித் திருத்துவது?

மறுபடியும் அந்த வாய்ப்பாடு விளையாட்டுக்கு வருவோம். தப்பைக் கவனித்த ஒரு 8-ம் வகுப்பு அக்கா, 'உள்ளே பார்' பட்டனை அழுத்துகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறுமி 100 கேள்விகளையும் 100 விடைகளையும் ஒவ்வொன்றாகக் கையால் தட்டியிருப்பது தெரிகிறது.

இப்போது 54-ஐ அழித்து 56 என்று மாற்றினால் ஒரு தப்பு சரியாகும். ஆனால், அந்த அக்கா வேறொன்று செய்யலாம். இரண்டு எண்களைக் கணினியையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, பச்சை நிறப் பெருக்கல் பிளாக்கைப் போட்டு, விடையையும் கணினியையே கண்டுபிடிக்க வைக்கலாம். நூறு வரி பத்து வரியாகச் சுருங்கும். அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் தப்பான விடை வராது. 'உன் பூனை சூப்பர்! விடையைக் கையால போடாம இப்படிப் பண்ணிப் பாரு' என்று ஒரு கமென்ட் எழுதினால், உருவாக்கிய சிறுமிக்கு அன்றைக்கு அதைவிடப் பெரிய பாடம் இருக்காது.

ஸ்க்ராட்ச்சின் சமூக விதிகளிலேயே, பிறருக்குப் பயனுள்ள கருத்தைச் சொல்லுங்கள் என்பதும் ஒன்று. வெறுமனே 'மொக்கை' என்று சொல்வது கருத்தல்ல. எது பிடித்தது, எதை மாற்றலாம் என்று சொல்வதுதான் கருத்து.

இந்த வேலையைக் கணினியே செய்யக் கூடாதா? அதற்கும் முயற்சி நடந்திருக்கிறது. ஸ்பெயின் ஆய்வாளர்கள் உருவாக்கிய 'டாக்டர் ஸ்க்ராட்ச்' என்ற கருவியில் ஒரு படைப்பைக் கொடுத்தால், தர்க்கம், தகவல்களைக் கையாளும் முறை, பயனாளரோடு உரையாடும் விதம் உள்ளிட்ட பல பிரிவுகளில் மதிப்பெண் போடும். எதைக் கற்றுக்கொள்ளலாம் என்று பிள்ளைக்குச் சொல்ல உதவியான கருவிதான். ஆனால் அது பார்ப்பது, எந்த பிளாக்குகளை எப்படிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதை. 54 என்பது தப்பு என்று அதற்குத் தெரியாது. விளையாட்டு சுவாரஸ்யமா, சலிப்பா என்றும் தெரியாது.

குக்கர் விசில் கேட்கும் ழகரம்

இன்னோர் உதாரணத்தையும் யோசித்துப் பாருங்கள். தம்பிக்கு ல, ள, ழ உச்சரிப்பு குழம்புகிறது. அக்கா ஒரு விளையாட்டு உருவாக்குகிறாள். 'வால், வாள், வாழ்' என்று தன் குரலிலேயே பதிவு செய்கிறாள். பின்னணியில் குக்கர் விசில் கேட்கிறது. படங்கள் கோணல்மாணல். தரக்கட்டுப்பாட்டு அதிகாரி யாராவது இருந்தால் ஒரே நொடியில் நிராகரித்துவிடுவார்.

ஆனால் அந்தத் தம்பிக்கு, அவனுடைய குழப்பத்துக்கு, அவனுடைய ஊர்ப் பேச்சில் வேறு யார் விளையாட்டு உருவாக்கித் தரப்போகிறார்கள்? சின்ன மொழிகளுக்கும் சின்னத் தேவைகளுக்கும் சுதந்திரம் எவ்வளவு முக்கியம் என்பது இங்கேதான் புரிகிறது.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த அக்கா திருத்திய புது வடிவம் வந்த பிறகும், 54 சொல்லும் பழைய விளையாட்டு தளத்தில் அப்படியேதான் இருக்கும். உருவாக்கிய சிறுமியே திருத்தினால்தான் உண்டு. அவள் கோடிங்கை விட்டுவிட்டு கேரம் விளையாடப் போயிருந்தால்? அடுத்த பையனும் அதில் மாட்டத்தான் செய்வான். சுதந்திரத்துக்கான விலையை, அதை உருவாக்கியவர் அல்ல, விளையாட வந்த பிள்ளைதான் கொடுக்கிறது. எந்தத் தளமும் தனியாக இதைத் தீர்த்துவிட முடியாது. பக்கத்தில் ஒரு பெரியவர் தேவைப்படுவது இதற்காகத்தான்.

பெற்றோர், ஆசிரியர் கவனத்துக்கு...

* பிள்ளைகள் உருவாக்கிய விளையாட்டைப் பாடப் புத்தகமாக நினைக்க வேண்டாம். கற்றுக்கொள்ள ஒரு விளையாட்டைக் கொடுக்கும் முன், நீங்கள் 5 நிமிடம் விளையாடிப் பாருங்கள்.

* 'கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்ற எண்ணத்தை உடைத்துவிடுங்கள். 'இதை உன்னைப் போல ஒருத்தர்தான் செஞ்சிருக்காங்க. தப்பு இருந்தா கண்டுபிடி பார்ப்போம்' என்று சொல்லிக் கொடுத்தால், தப்பான விளையாட்டுகூட நல்ல பாடமாகிவிடும்.

* தப்பைக் கண்டால் கேலி வேண்டாம். பிடித்த ஒன்றை முதலில் சொல்லி, மாற்ற வேண்டியதைப் பிறகு சொல்லப் பழக்குங்கள்.

* ரீமிக்ஸ் செய்தால் முதலில் உருவாக்கியவருக்கு நன்றி எழுதச் சொல்லுங்கள். 'நீ இதில் புதிதாக என்ன சேர்த்தாய்?' என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தால் அது ரீமிக்ஸ், முடியாவிட்டால் காப்பி.

* லைக் எண்ணிக்கையை வைத்துத் தரத்தை அளக்க வேண்டாம். போன மாதம் உருவாக்கியதையும் இந்த மாதம் உருவாக்கியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் தரம்.

* உண்மைப் பெயர், பள்ளி பெயர், போன் நம்பர், புகைப்படம் பகிரக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் சொல்லித் தந்த வீட்டில், அந்த மூன்றாம் வகுப்புப் பையன் என்ன செய்வான்? பூனை 'தப்பு!' என்று சொன்னதும் ஒரு நிமிடம் முழிப்பான். மறுபடியும் விரல் விட்டு எண்ணுவான். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, 'அம்மா, இந்தப் பூனைக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியலம்மா!' என்று கத்துவான்.